ரூட்டாக மாறியது யார்?

2015 ஆகஸ்ட் 10 அன்று விசாகப்பட்டினத்தில் ஷாவ்மி நிறுவனம் ரெட்மி 2 பிரைம் போனை அறிமுகப்படுத்தியது. விலை 6,999 ரூபாய். ஷாவ்மி இந்தியாவில் தயாரித்த முதல் போன் அதுதான். தயாரானது எங்கள் பக்கத்தில், தடாவை ஒட்டிய ஸ்ரீ சிட்டியில், ஃபாக்ஸ்கான் ஆலையில். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், சத்தியவேடு, சூலூர்பேட்டை என்று எந்தப் பஸ் நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்றாலும், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களில் யாரோ ஒருவர் கைபட்ட போன் உங்கள் வீட்டு இழுப்பறையில் இன்னும் கிடக்கலாம்.

அந்தப் போனில் ஒரு செயலியைத் தொட்டுத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஓர் அடையாள மாற்றம் நடக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. லினக்ஸுக்கு மனிதர்களின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். 0 என்றால் ரூட். ரூட்டுக்குப் பெரும்பாலும் தடை கிடையாது. எந்தக் கோப்பையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். போனை ஆன் செய்ததும் ஸைகோட் என்ற ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல், இந்த 0 என்ற எண்ணோடு எழுந்து காத்திருக்கும். நீங்கள் வாட்ஸ்அப்பைத் தொட்டால் ஸைகோட் தன்னைப் போல ஒரு நகலைப் பிரித்து விடும். பிரியும் கணத்தில் அந்த நகலும் ரூட்தான். உடனே அது கெர்னலிடம் வரிசையாகச் சில கோரிக்கைகள் வைக்கிறது. கூடுதல் குழுக்களை மாற்று, குழு எண்ணை மாற்று, கடைசியாக என் யூசர் எண்ணை மாற்று. கடைசிக் கோரிக்கையின் பெயர் செட்ரெஸ்யுஐடி. அது நிறைவேறியதும் அந்த நகலின் எண் 10123 என்பதுபோல ஏதோ ஒன்றாகிவிடும். அதன்பிறகு பழைய 0-வுக்கு அது திரும்ப முடியாது.

வரிசை முக்கியம். யூசர் எண்ணை முதலில் மாற்றிவிட்டால் குழு எண்ணை மாற்றும் அதிகாரமும் கையைவிட்டுப் போய்விடும். அதனால்தான் அதிகாரத்தைத் துறப்பது எப்போதும் கடைசி வேலை.

ஆண்ட்ராய்டில் சாதாரணச் செயலிகளின் எண்கள் 10000-லிருந்து தொடங்குகின்றன. உங்கள் வங்கிச் செயலிக்கு ஓர் எண், வாட்ஸ்அப்புக்கு வேறு எண். எண் வேறு என்பதால் ஒன்றின் கோப்பை இன்னொன்று திறக்கக் கெர்னல் விடாது. ஷாவ்மி போன்களில் ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதல்லவா? இரண்டாவது வாட்ஸ்அப் 999 என்ற இன்னொரு யூசரின் கீழ் ஓடும். அதன் எண் 99910123 என்று வரும். செயலி ஒன்றுதான், ஆனால் கெர்னலின் கண்ணுக்கு அவை இரண்டு தனித்தனி ஆட்கள்.

நான் திருவள்ளூர் மாவட்டத்துக்காரி. தினமும் மாநில எல்லையைத் தாண்டி ஸ்ரீ சிட்டியில் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். முன்பு சித்தூர், நெல்லூர் இரண்டு மாவட்டங்களிலும் கால் வைத்திருந்த இடம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. இசுசு வண்டிகளும், சென்னை மெட்ரோவின் ஆல்ஸ்டாம் ரயில் பெட்டிகளும், கேட்பரி சாக்லேட்டும் இங்கேதான் தயாராகின்றன. என் வேலை இவை எதுவும் இல்லை. ஆலையின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யார் எப்போது யாராக மாறினார்கள் என்று தடம் பிடிப்பது.

இந்த அடையாள மாற்றம் எதற்காக வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-களின் தொடக்கம், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சிக்கல். ஒரு விளையாட்டு இருக்கிறது, அதில் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஒரு கோப்பில் சேர வேண்டும். விளையாடுகிறவர் அந்தக் கோப்பில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. ஆனால் அவர் இயக்கும் விளையாட்டு மட்டும் அதில் எழுத வேண்டும். டென்னிஸ் ரிச்சி இதற்குக் கண்ட வழி, நிரலின் கோப்பிலேயே ஒரு குறியை வைப்பது. குறி இருந்தால், அந்த நிரல் ஓடும் நேரம் மட்டும் இயக்குகிறவரின் எண்ணுக்குப் பதில் கோப்பின் உரிமையாளர் எண் செல்லுபடியாகும். 1973-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1979 ஜனவரியில் 4,135,240 என்ற எண்ணில் கிடைத்தது. பிறகு அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தார்கள். இன்றைக்கும் லினக்ஸில் உங்கள் பாஸ்வேர்டை நீங்களே மாற்ற முடிகிறது என்றால் இந்தக் குறியால்தான். பாஸ்வேர்டுகள் இருக்கும் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம். பாஸ்வேர்டு மாற்றும் நிரல் சில நொடிகள் ரூட்டாகி, உங்கள் ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு முடிந்துவிடும்.

அழகான யோசனை. ஆனால் சில நொடிகள் ரூட்டாக இருக்கும் எந்த நிரலும் திருடனுக்கும் ஒரு வாசல்தான். போதாக்குறைக்குக் காலப்போக்கில் ஒரு ப்ராசஸுக்கு ஓர் எண் போதாமல் போனது. இன்றைய லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸும் நான்கு யூசர் எண்களைச் சுமக்கிறது. இயக்கியவர் யார் என்பது உண்மை எண். இப்போது யாருடைய அதிகாரம் செல்லும் என்பது நடப்பு எண். திரும்பிப் போக வேண்டியிருந்தால் எங்கே போவது என்பது சேமித்த எண். கோப்பு திறப்பதற்கென்று நான்காவது ஒன்று. இவற்றை மாற்ற செட்யுஐடி, செட்ரீயுஐடி, செட்ரெஸ்யுஐடி, செட்எஃப்எஸ்யுஐடி என்று பல சிஸ்டம் கால்கள், அதாவது கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகள். ஒரே பெயருள்ள கால் லினக்ஸில் ஒரு மாதிரியும் சோலாரிஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். ஹாவோ சென், டேவிட் வாக்னர், ட்ரூ டீன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்காகவே கெர்னல்களைக் குடைந்து, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக முடியும் என்று வரைபடமே போட்டு 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.

மாறச் சொன்னால் மாறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 2010-இல் ஆண்ட்ராய்டு உலகம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. போனைக் கணினியோடு கேபிளில் இணைத்து வேலை செய்ய, போனுக்குள் ஏடிபி என்றொரு சேவை ஓடும். அது ரூட்டாக எழுந்து, பிறகு செட்யுஐடியை அழைத்து 2000 என்ற சாதாரண எண்ணுக்கு இறங்கிவிடும். இறங்கினோமா என்று அது திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதைய கெர்னலில் ஒரு விதி இருந்தது: ஒரு யூசருக்கு அனுமதித்த அளவுக்கு ப்ராசஸ்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், இன்னொரு ப்ராசஸ் அந்த யூசராக மாற முடியாது, கோரிக்கை தோற்கும். செபாஸ்டியன் கிராமர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். 2000 என்ற எண்ணில் ப்ராசஸ்களைப் பெருக்கிக்கொண்டே போய் வரம்பை நிரப்பு. ஏடிபியைக் கொல்லு. அது மறுபடி ரூட்டாக எழும். 2000-க்கு இறங்கப் பார்க்கும், இடமில்லாமல் தோற்கும், தோற்றது தெரியாமல் ரூட்டாகவே வேலையைத் தொடரும். போன் உங்கள் கையில். ஆண்ட்ராய்டு 2.2 வரை இது பலித்தது. ஸைகோட்டின் மீதும் இதே உத்தியைப் பயன்படுத்தினார்கள்.

அடுத்த வருஷம் வந்த லினக்ஸ் 3.1-இல் அந்த விதியையே மாற்றிவிட்டார்கள். வரம்பைப் பார்ப்பது செட்யுஐடியிலிருந்து எக்ஸெக்விஇ என்ற காலுக்கு, அதாவது புது நிரலைத் தொடங்கும் இடத்துக்குப் போனது. ஆனாலும் அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுண்டு. தடம் பிடிக்கிறவர்கள் பலரும், யாராவது கீழேயிருந்து 0-வுக்கு ஏறுகிறார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். மேலேயிருந்து இறங்க முயன்று தோற்ற வரியும் அதே அளவுக்கு ஆபத்தானது. ஒரு சர்வரில் நாள் முழுக்க நடக்கும் அடையாள மாற்றங்களில் பெரும்பாலானவை இறக்கங்கள்தான். வெளியிலிருந்து ஒருவர் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்தால் அதற்குள்ளேயே பல இறக்கங்கள் நடந்துவிடும். அத்தனையும் வெற்றி என்று முடிய வேண்டும். ஒன்று தோல்வி என்று வந்தால் நான் வேறு வேலைக்குப் போக மாட்டேன்.

இனி, எப்படிப் பார்ப்பது?

எளிய கருவி எஸ்ட்ரேஸ். ஒரு ப்ராசஸைப் பிடித்து, அது கெர்னலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்த்து எழுதித் தரும். அடையாள மாற்றங்களை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் நிறுத்துவதால் வேகம் படுத்துவிடும். உற்பத்தி நடக்கும் சர்வரில் அதை ஓடவிட முடியாது. இன்னொரு தடையும் உண்டு. சாதாரண யூசராக இருந்துகொண்டு, ரிச்சியின் குறி உள்ள நிரலை எஸ்ட்ரேஸுக்குள் இயக்கினால், கெர்னல் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ரூட்டாகும் நிரலின் மூக்கணாங்கயிற்றைச் சாதாரண யூசர் கையில் கொடுக்க முடியாதில்லையா? அதனால் நிரல் ரூட்டாகாமலே ஓடித் தோற்கும். புதிதாகக் கற்கிறவர்கள் இந்த இடத்தில்தான் நிரலிலேயே கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எஸ்ட்ரேஸை ரூட்டாக இயக்கினால் உண்மை தெரியும்.

ஆலைக்கு ஏற்றது லினக்ஸின் ஆடிட் அமைப்பு. 2004-லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இன்ன இன்ன கால்கள் நடந்தால் ஒரு வரி எழுதி வை என்று விதி கொடுத்துவிட்டால் போதும். வரியில் காலின் பெயருக்குப் பதில் எண் வரும். 64 பிட் இன்டெல் கணினியில் செட்யுஐடி 105, செட்ரெஸ்யுஐடி 117. அதே கணினியில் பழைய 32 பிட் நிரல் ஒன்று ஓடினால் அதற்கு எண்களே வேறு, 213-உம் 208-உம் வரும். ஒன்றுக்கு மட்டும் விதி எழுதிவிட்டு இன்னொன்றை விட்டால், தெரிந்தவன் 32 பிட் நிரலோடு வந்து சத்தமில்லாமல் போய்விடுவான்.

அந்த வரியில் என் கண் முதலில் போவது ஏயுஐடி என்ற இடத்துக்கு. எங்கள் தொழிற்பேட்டையில் கேட்டில் நுழையும்போது ஒரு பாஸ் எண் கொடுப்பார்கள். உள்ளே போய் நீங்கள் வெள்ளைக் கோட்டும் போடலாம், நிலைமின் தடுப்புக் கோட்டும் போடலாம். கோட்டு எத்தனை மாறினாலும் பாஸ் எண் அதேதான். ஏயுஐடி அப்படிப்பட்ட எண். ஒருவர் 1012 என்ற எண்ணில் லாகின் செய்தால், பிறகு அவர் சுடோ என்ற, வேறொரு யூசராகக் கட்டளை இயக்க உதவும் நிரலைப் போட்டு ரூட்டானாலும், அங்கிருந்து இன்னொரு யூசரானாலும், உண்மை எண், நடப்பு எண் எல்லாம் மாறிக்கொண்டே போகும். ஏயுஐடி மட்டும் 1012 என்றே நிற்கும். யாரும் லாகின் செய்யாமல், சர்வர் எழும்போதே தானாக எழுந்த சேவை என்றால் அந்த இடத்தில் 4294967295 என்ற நீண்ட எண் இருக்கும். மனிதர் யாரும் இதைத் தொடங்கவில்லை என்று பொருள்.

இந்த எண் ஒரு தம்பியின் வேலையைக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். அட்டைப் பெட்டிகளுக்குப் பார்கோடு லேபிள் அடிக்கும் சர்வர் ஒன்று. ஒருநாள் காலை ஷிஃப்டில் லேபிள்களில் பேட்ச் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக வந்தது. கிடங்கில் பெட்டிகளை ஏற்க மறுத்துவிட்டார்கள். லேபிளின் அமைப்பு இருக்கும் கோப்பு இரவில் மாறியிருக்கிறது. இரவு சர்வர் அறையில் இருந்தது ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் சத்தியவேட்டுப் பையன் ஒருவன். அந்தச் சர்வரின் ரூட் பாஸ்வேர்டு அப்போது பலருக்கும் தெரியும். ஆனாலும் சந்தேகம் நேராக அவன் மேல்தான் விழுந்தது. ஒப்பந்தக்காரனைச் சொல்லிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

“அக்கா, நான் பேக்கப் டேப் மாத்தினதோட சரிக்கா. அந்த ஃபைல் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா” என்றான். குரல் உடைந்திருந்தது.

மேலாளர் அவனுடைய கேட் பாஸை நிறுத்தச் சொல்லிவிட்டார். “சார், கொஞ்ச நேரம் குடுங்க. லாக் இருக்கு, பாத்துட்டுச் சொல்றேன்” என்று கேட்டு வாங்கினேன்.

அந்தக் கோப்பில் யார் எழுதினாலும் பதியும்படி ஒரு விதி ஏற்கெனவே போட்டிருந்தேன். வரியை எடுத்தோம். நள்ளிரவு தாண்டிய நேரம். நடப்பு எண் 0, ரூட். நிரல், லேபிள் மென்பொருளை விற்றவர்கள் நிறுவியிருந்த பராமரிப்புச் சேவை. ஏயுஐடி 4294967295. தம்பியின் லாகின் எண்ணைத் தனியே தேடினோம். 117 என்ற கால், சுடோ, ரூட்டானது, டேப்பை வெளியே தள்ளும் கட்டளை, அதோடு வெளியேறியது. அவன் சொன்னது அப்படியே இருந்தது. நடந்தது என்னவென்றால், பராமரிப்புச் சேவை தானே புதுப் பதிப்பை இறக்கி நிறுவி, எங்கள் அமைப்பின் மேல் தன் மூல அமைப்பை எழுதிவிட்டிருந்தது. மேலாளர் திரையை இரண்டு தரம் படித்தார். பிறகு கேட்டுக்கு அவரே போன் செய்து பாஸைத் திறக்கச் சொன்னார்.

தடம் பிடிப்பது என்றாலே தொழிலாளியை வேவு பார்ப்பது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது; கேமராவையும் லாக்கையும் அதற்கே பயன்படுத்துகிற இடங்களும் உண்டு. ஆனால் லாக் இல்லாத இடத்தில் சந்தேகம் யார் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். மிகவும் கீழே இருப்பவன் மேல் விழும். அடையாள மாற்றத்தை ஒழுங்காகப் பதிந்து வைக்கும் சர்வர், தப்பு செய்யாதவனுக்குச் சாட்சி சொல்லும். இதற்காகவே இந்த வேலையைப் பெரிதாக நினைக்கிறேன்.

இங்கே ஒரு நுட்பம். இணையத்திலும் பயிற்சிக் கையேடுகளிலும் பரவலாகக் கிடைக்கும் ஆடிட் விதிகளில், ஏயுஐடி 4294967295 என்றால் பதிய வேண்டாம் என்று ஒரு துண்டு சேர்ந்தே வரும். இரைச்சல் குறையும் என்பது காரணம். அந்தத் துண்டோடு விதி போட்டிருந்தால் அன்றைக்கு எங்களுக்கு ஒரு வரியும் கிடைத்திருக்காது. மனிதர் செய்ததை மட்டும் பதிந்தால், இயந்திரம் செய்ததற்கும் மனிதர்தான் பழி சுமப்பார். முக்கியமான கோப்புகளுக்கும் அடையாள மாற்றங்களுக்கும் அந்தத் துண்டை நான் வெட்டிவிடுகிறேன்.

அதே 4294967295-க்கு 2019 அக்டோபரில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட இன்னொரு கதை உண்டு. கணினிக்குள் 32 பிட் இடத்தில் கழித்தல் 1-ஐ எழுதி, குறி இல்லாத எண்ணாகப் படித்தால் 4294967295 என்றுதான் தெரியும். சுடோவில், இந்த ஊழியர் ரூட்டைத் தவிர வேறு யாராக வேண்டுமானாலும் மாறலாம் என்று ஒரு விதி எழுத முடியும். ஆப்பிள் நிறுவனத்தின் ஜோ வெனிக்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். அப்படி விதி உள்ள ஊழியர், கழித்தல் 1 என்ற யூசராக மாற வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? சுடோ பார்க்கிறது: கேட்டது 0 இல்லை, விதிப்படி சரி. உடனே கெர்னலிடம் செட்ரெஸ்யுஐடியை அழைத்துக் கழித்தல் 1-ஐக் கொடுக்கிறது. அந்தக் காலில் கழித்தல் 1 என்றால், இந்த எண்ணை மாற்றாதே, இருப்பது இருக்கட்டும் என்று பொருள். பல வருஷமாக எழுதிவைத்த வழக்கம். சுடோ ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. கெர்னல் எதையும் மாற்றவில்லை. ஊழியரின் கட்டளை ரூட்டாகவே நடந்துவிடுகிறது. சுடோ 1.8.28-இல் ஓட்டையை அடைத்தார்கள். நம் லாக்கில் இது எப்படித் தெரியும்? கால் வெற்றி என்று இருக்கும், முன்னும் பின்னும் நடப்பு எண் 0 என்றே இருக்கும். கேட்ட எண்ணையும் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே மாற்றம் நடக்கவில்லை என்பது தெரியவரும்.

செட்யுஐடி குடும்பத்தை மட்டும் கவனித்தாலும் போதாது. ரிச்சியின் குறி உள்ள நிரலை இயக்கும்போது ரூட்டாவது எக்ஸெக்விஇ காலுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. செட்யுஐடி அங்கே அழைக்கப்படுவதே இல்லை. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளிக்கொண்டுவந்த ப்வின்கிட் ஓட்டை அப்படிப்பட்டது. பிகெஎக்ஸெக் என்ற, குறி உள்ள நிரலில் 2009-லிருந்தே அது இருந்திருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அந்த நிரல் இருந்தது. சாதாரண யூசர் யாரும் ரூட்டாகிவிடலாம். அதனால் எக்ஸெக்விஇ நடந்ததும் உண்மை எண் 0 அல்லாத ஏதோ ஒன்று, நடப்பு எண் 0 என்று வரும் வரிகளையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

அதற்கும் ஆழமாக ஒரு வழி உண்டு. கெர்னலிலேயே ஓட்டை கண்டவன் எந்தச் சிஸ்டம் காலையும் அழைக்க மாட்டான். 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.29-லிருந்து ஒரு ப்ராசஸின் எண்கள் எல்லாம் ஒரு தனிக் கட்டமைப்பில் இருக்கின்றன. அதை மாற்றும் கடைசி வேலையைக் கெர்னலுக்குள் கமிட்கிரெட்ஸ் என்ற செயல்கூறு செய்கிறது. தாக்குகிறவர்கள் அதை நேராக அழைத்து, தங்கள் ப்ராசஸை 0 ஆக்கிக்கொள்வது பல காலமாக நடக்கும் உத்தி. கதவுகளில் காவல் வைத்தவர்களுக்கு இது தெரியாது. இதற்குத்தான் இபிபிஎஃப். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் உள்ளே, குறிப்பிட்ட ஓர் இடத்தில் சின்ன நிரலைப் பொருத்திப் பார்க்கலாம்; சர்வரை நிறுத்த வேண்டாம், வேகமும் பெரிதாகக் குறையாது. பிரெண்டன் கிரெக் 2019-இல் வெளியிட்ட புத்தகத்தில் செட்யுஐடி வகைக் கால்களை வரிசையாகக் காட்டும் சின்ன நிரல் ஒன்றைத் தந்திருக்கிறார். நான் அதோடு கமிட்கிரெட்ஸிலும் ஒரு கண் வைக்கிறேன். 0 அல்லாத எண் 0 ஆகிறது, ஆனால் அதற்கு முன் செட்யுஐடியும் இல்லை, குறி உள்ள நிரலும் இல்லை என்றால், அந்த ஒரு வரி போதும். சர்வரை வலையிலிருந்து பிரித்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவும் பதிந்து என்ன, வைத்திருந்தால்தானே? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, இந்தியாவில் நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கணினித் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் சொல்ல வேண்டும். லினக்ஸ் ஆடிட் சேவையை நிறுவி அப்படியே விட்டால் 8 எம்பி அளவில் 5 கோப்புகள், அவ்வளவுதான். நிரம்பியதும் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை எழுதும். வேலை அதிகமுள்ள சர்வரில் 40 எம்பி 180 நாளுக்குப் பக்கத்தில்கூட வராது. வரிகளை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். ரூட்டாக மாறியவன் முதலில் தேடுவது அந்த லாக் கோப்பைத்தான் என்பதும் இன்னொரு காரணம். ஏயுஐடியை ஒருமுறை எழுதியபின் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் வசதியும், சர்வரை மறுபடி கிளப்பும்வரை ஆடிட் விதிகளையே பூட்டிவைக்கும் வசதியும் ஆடிட்டில் உண்டு. இரண்டுமே தாமாக இயங்காது, நாம்தான் போட வேண்டும்.

இத்தனை கருவிகளையும் ஒரே வழக்கம் வீணாக்கிவிடும்: பொது லாகின். ஆபரேட்டர் என்று ஒரு பெயர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாஸ்வேர்டு, அதை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய ஒரு சீட்டு. அப்போது ஏயுஐடி சரியாகத்தான் பதியும். ஆனால் ஷிஃப்டில் இருந்த எல்லோரும் ஒரே எண். செட்யுஐடியைத் தடம் பிடிக்கலாம், மனிதரைப் பிடிக்க முடியாது. யாரையும் விடுவிக்கவும் முடியாது. ஒப்பந்தத்தில் இருப்பவர் நாலு மாதத்தில் போய்விடுவார், அவருக்கெதற்குத் தனி லாகின் என்று கேட்கும் மேலாளர்களிடம் நான் சொல்வது, லாகின் உருவாக்க ஒரு நிமிஷம் ஆகும், அது இல்லாமல் ஒருவர் மேல் விழுந்த பழியைத் துடைக்க வழியே கிடையாது என்பதுதான்.

ஆலையிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால், நாளைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். ரூட்டின் நேரடி லாகினை நிறுத்துங்கள். அடையாள மாற்றக் கால்களுக்கு, 64 பிட்டுக்கும் 32 பிட்டுக்கும் சேர்த்து, தோல்வியும் பதியும்படி ஆடிட் விதி போடுங்கள். அந்த வரிகளை வேறு கணினிக்கு அனுப்புங்கள். சர்வரைத் தொடும் வேலையில் இருக்கிறவர்களே, ஒப்பந்தமோ நிரந்தரமோ, பொது பாஸ்வேர்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் பெயரில் ஒரு லாகின் கேட்டு வாங்குங்கள்.